பாராமோட்டார்

பாராமோட்டார் என்பது பறப்பவர் தம் முதுகில் சுமக்கும் சிறு பெட்ரோல் பொறியின் உந்துவிசையாலும், தலைக்கு மேல் விரியும் துணி இறக்கையின் ஏற்றத்தாலும் பறக்கும் மிக எளிய வானூர்தி ஆகும். இதற்கு ஓடுபாதை தேவையில்லை. சமதரையில் சில அடிகள் ஓடியே மேலெழலாம். பெரும்பாலும் மலைச்சரிவிலிருந்து கிளம்பும் பாராகிளைடருக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே. பொறியைச் சக்கரங்கள் கொண்ட சட்டத்தில் பொருத்தி அமர்ந்து ஓட்டும் வகையும் உண்டு.

இக்கட்டுரை இறக்கையையும் பொறியையும் தெரிவு செய்யும் முறை, பயிற்சி ஆகியவற்றை விளக்குகிறது. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள நிலப்பரப்பு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. தனித்து நிற்கும் மலை, ஏரி, கடும் வெயில், இரு பருவக்காற்றுகள், மக்கள் நெருக்கம் ஆகிய அனைத்தும் அங்கு ஒருசேர அமைந்திருப்பதால், ஒரு பறப்பாளர் கருத வேண்டியவற்றை விளக்க அவ்விடம் மிகவும் பொருத்தமானது. அது பறப்பதற்கு ஏற்ற இடம் என்பது இதன் பொருளன்று.

வரலாறு

காற்று உள்ளே புகுந்து உப்பி, விமான இறக்கையின் வடிவத்தைப் பெறும் துணி இறக்கையை 1960களில் டோமினா ஜால்பர்ட் உருவாக்கினார். பாராமோட்டார் என்னும் பெயரை 1980இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் பைர்ன் முதன்முதலில் பயன்படுத்தினார். 1986ஐ ஒட்டி, பாராகிளைடர் இறக்கைகளுடன் பொறியை இணைக்கும் முயற்சிகளால் இது பிரான்சில் பரவியது.

இந்தியாவில் குறிப்பிடத்தக்க பறப்பு ஒன்றை வான்படை 2016இல் மேற்கொண்டது. மேற்கு வங்காளத்திலுள்ள கலைக்குண்டா வான்படைத் தளத்திலிருந்து கிளம்பிய குழு, நாட்டைச் சுற்றி 10,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைப் பாராமோட்டாரில் கடந்தது. அப்பயணத்திற்கு இடப்பட்ட பெயர் 'பிரதட்சிணா' என்பதாகும். வலம் வருதல் என்று பொருள்படும் இச்சொல், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் கொண்ட திருவண்ணாமலையினருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று.

இறக்கை

புதியவர்கள் பெரும்பாலும் பொறியைப் பற்றியே முதலில் கேட்கின்றனர். எனினும் உயிரைத் தாங்குவது இறக்கையே. பறக்கும்போது பொறி நின்றுவிட்டால் பாராமோட்டார் பாராகிளைடராகிச் சறுக்கி இறங்கும். இறக்கை மடங்கி மீளாவிட்டால் பொறி எவ்வளவு ஆற்றல் வாய்ந்ததாக இருந்தும் பயனில்லை.

இறக்கை, கிழிசல் பரவாத வகையில் நெய்யப்பட்ட நைலான் துணியால் ஆனது. முன்விளிம்பிலுள்ள திறப்புகள் வழியே காற்று புகுந்து அறைகளை நிரப்புகிறது. மெல்லிய கயிறுகள் இறக்கையைப் பறப்பவரின் இருக்கை வாரோடு இணைக்கின்றன. இறக்கைகள் ஐரோப்பியத் தரமான இஎன் 926இன்படி சோதிக்கப்பட்டு ஏ, பி, சி, டி என வகைப்படுத்தப்படுகின்றன. ஏ வகை இறக்கை மடங்கினாலும் பெரும்பாலும் தானே மீளும். டி வகை பறப்பவரின் விரைவான, சரியான செயலை எதிர்பார்க்கும். கற்பவருக்கு உரியது ஏ வகை, அல்லது ஆசிரியரின் பரிந்துரையின்பேரில் எளிய பி வகை. இவ்வகைப்பாடு அமைதியான காற்றில் தேர்ந்த சோதனைப் பறப்பாளர் செய்தவற்றின் முடிவு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நண்பகல் வெப்பக்காற்றில் ஏ வகையும் மடங்கும்.

பாராமோட்டாருக்கெனவே அமைக்கப்பட்டவை 'ரிஃப்ளெக்ஸ்' இறக்கைகள். இவற்றின் பின்விளிம்பு சற்றே மேல்நோக்கி வளைந்திருப்பதால் ஏற்றவிசையின் மையம் முன்னோக்கி நகர்கிறது. வார்களிலுள்ள 'டிரிம்மர்' எனப்படும் பட்டைகளைத் தளர்த்தினால் இறக்கை விரைவும் உறுதியும் பெறும். ஆனால் அந்நிலையில் வழக்கமான கைப்பிடிகளை ஆழமாக இழுத்தால் வளைவு மாறி, அந்த உறுதி குலைந்துவிடும். எனவே இறக்கை நுனியை மட்டும் திருப்பும் தனிக் கயிறுகளையே பயன்படுத்த வேண்டும். இந்த ஒரு செய்தியை அறியாதவர் கையில், பாதுகாப்பானதென விற்கப்படும் ரிஃப்ளெக்ஸ் இறக்கை இடர் மிக்கதாகிவிடும்.

இறக்கையின் அளவு பறப்பவரின் உடல் எடையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. மொத்தப் பறப்பு எடையே கணக்கு. எடுத்துக்காட்டாக, 70 கிலோ எடையுள்ளவர் 26 கிலோ பொறித்தொகுதி, 10 லிட்டர் பெட்ரோல் (ஏறத்தாழ 7.5 கிலோ), 5.5 கிலோ இறக்கை, தலைக்கவசம், உடை, அவசர வான்குடை என மேலும் 5 கிலோ சுமந்தால் மொத்தம் 114 கிலோ ஆகும். உற்பத்தியாளர் குறிப்பிடும் எடை எல்லைக்குள் இந்த எண் அடங்க வேண்டும். 70 கிலோவை மட்டும் பார்த்து வாங்கிய இறக்கை இவருக்கு மிகச் சிறியதாக அமைந்து, தரையிறங்கும்போது அச்சுறுத்தும் விரைவைக் கொடுக்கும். மறுபுறம், தேவைக்கு மிகப் பெரிய இறக்கை மெதுவாகச் செல்லும், எதிர்க்காற்றில் முன்னேறாது, கொந்தளிப்பில் எளிதில் மடங்கும்.

பழைய இறக்கை வாங்குவோர் ஏமாறுவது துணியின் பளபளப்பில்தான். புற ஊதாக் கதிர் நைலானைச் சிதைத்து, காற்று ஊடுருவும் தன்மையை மிகுவிக்கிறது. அவ்வாறு நலிந்த இறக்கை தலைக்கு மேல் எழத் தயங்கும். முன்னறிவிப்பின்றி ஏற்றத்தை இழக்கும். துணியின் காற்றுப்புகவும் கயிறுகளின் வலிமையும் கருவி கொண்டு அளக்கப்பட்ட சான்று இல்லாத இறக்கையை வாங்கலாகாது. வட தமிழ்நாட்டின் வெயிலில் இறக்கையை விரித்துப் போட்டுவிட்டு நிழலில் அமர்ந்து பேசுவது, அதன் ஆயுளை வீணே குறைப்பதாகும். வேலிக்காத்தான் முள் கயிற்றின் மேலுறையைக் கிழிக்கும். மடிக்கும்போது உள்ளே சிக்கிய வெட்டுக்கிளி நசுங்கினால் அதன் சாறு துணியை அரிக்கும். சேமிப்பறையில் எலியும் பெட்ரோல் வாடையும் கூடா.

பொறியும் சட்டமும்

பெரும்பாலானவை ஒற்றை உருளை கொண்ட இருவீச்சுப் பொறிகள். ஏறத்தாழ 80 கனசென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இலகு பொறிகள் மெலிந்தவர்களுக்கும், விட்டோராசி நிறுவனத்தின் மோஸ்டர் 185 போன்றவை நடுத்தர, கனத்த உடலினருக்கும் ஏற்றவை. குதிரைத்திறனைவிட, கிலோவில் அளக்கப்படும் உந்துவிசையே ஒப்பிடத் தக்கது. தேவைக்கு மேற்பட்ட ஆற்றலும் குறைபாடே. சுழலியின் எதிர்முறுக்கு கற்பவரை ஒரு பக்கமாகத் திருப்பும். முழு விசையில் ஏறிக்கொண்டே கைப்பிடிகளை ஆழமாக இழுப்பவர் இறக்கையைத் தேக்கநிலைக்குத் தள்ளிவிடுவார். தொடக்கநிலை விபத்துகளில் இது பழகிப்போன வடிவம்.

திருவண்ணாமலை போன்ற இடங்களில் மற்றொரு கணக்கும் உண்டு. உற்பத்தியாளர் தரும் எண்கள் பொதுவாகக் கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியசுக்கு உரியவை. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில் உள்ளது. 38 பாகை வெப்பத்தில் அங்குக் காற்றின் அடர்த்தி அந்த அளவைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. பொறியின் உந்துவிசை குறையும். இறக்கை ஏற்றம் பெற ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுதல் விரைவில் ஓடவும் வேண்டும். ஐரோப்பாவின் குளிர்ந்த புல்வெளியில் எளிதில் மேலெழுந்த அதே தொகுதி, சித்திரை மாதத்து மணிலாக் கொல்லையில் ஓட ஓட மேலெழாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

எரிபொருள், இருவீச்சு எண்ணெய் கலந்த பெட்ரோல். ஒரு மணி நேரத்திற்கு 3 முதல் 5 லிட்டர் செலவாகும். 2025 முதல் இந்திய விற்பனை நிலையங்களில் பொதுவாகக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். காபரேட்டரின் மெல்லிய சவ்வுகளையும் இரப்பர்க் குழாய்களையும் பாதிக்கக்கூடும். ஆகவே கையேட்டில் எத்தனால் அளவு பற்றிய குறிப்பைப் பார்த்தல், கலவையை வாரக்கணக்கில் தேக்கிவைக்காதிருத்தல், சவ்வுகளை முன்னதாகவே மாற்றுதல் ஆகியவை இங்குக் கூடுதல் கவனம் பெறவேண்டியவை.

சட்டம் அலுமினியம், துருவேறா எஃகு, டைட்டானியம் ஆகியவற்றால் செய்யப்படுகிறது. பொறி ஓடும்போது கை சுழலியை எட்டாதவாறு சட்டத்தின் கூண்டு தடுக்கிறதா என்பதே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது. கடுமையான காயங்களில் பல வானில் நிகழ்வதில்லை. தரையில் பொறியை முடுக்கும்போது சுழலி கையைத் தாக்குவதால் நிகழ்பவை அவை. பொறியை முதுகில் மாட்டிய நிலையிலோ, அசையாதபடி உறுதியாகக் கட்டிய நிலையிலோ தவிர வேறு விதமாக முடுக்கக் கூடாது.

தலைக்கவசம், காதுக்காப்பு, கணுக்காலைத் தாங்கும் காலணி, அவசர வான்குடை ஆகியவை இன்றியமையாதவை. நீர்நிலைக்கு அருகில் பறப்பவர், நீர் பட்டவுடன் தானே உப்பும் மிதவையைப் பொறிச்சட்டத்தில் பொருத்த வேண்டும். 25 கிலோ பொறியோடு வாரால் பிணைக்கப்பட்டவர் ஏரியில் விழுந்தால் நீச்சல் அறிவு உதவாது. இத்துறையின் உயிரிழப்புகளுக்கு மூழ்குதல் முக்கியக் காரணங்களுள் ஒன்று. ரமணாசிரமத்திற்குத் தெற்கேயுள்ள சமுத்திரம் ஏரி, மழை நன்கு பெய்த ஆண்டில் பரந்து விரியும். வறண்ட மாதங்களில் திறந்த வெளியாய்த் தோன்றும் இடமே அது.

பயிற்சி

முதலில் பயிற்சி, பின்னர் கொள்முதல் என்பதே சரியான வரிசை. கருவிகளை முன்னரே வாங்கிவிட்டவர், தமக்குப் பொருந்தாத இறக்கையில் கற்க நேர்கிறது. சிலர் ஆசிரியரைத் தேடாமலே முயல்கின்றனர். காணொளி பார்த்துத் தாமே கற்பது இத்துறையில் தவிர்க்கக்கூடிய சாவுகளின் வாயில்.

பயிற்சியின் பெரும்பகுதி தரையிலேயே நடைபெறும். பொறியின்றி இறக்கையை மட்டும் எழுப்பி, தலைக்கு மேல் நிலைநிறுத்தி, முன்னோக்கியும் பின்னோக்கியும் நடந்து கட்டுப்படுத்தக் கற்க வேண்டும். இது சலிப்பூட்டுவது, ஆயினும் இறக்கையின் இழுவையைக் கைகள் தாமே உணரும் நிலை வரும்வரை தொடர வேண்டும். அதன்பின் பொறியைத் தொங்கவிட்டு இருக்கையில் அமர்தல், விசையைக் கையாளல், அவசர வான்குடையின் பிடியைப் பார்க்காமல் தொடுதல் ஆகியவை கற்பிக்கப்படும். பல பள்ளிகள் சிறு குன்றிலிருந்து பொறியின்றிச் சறுக்கவும் பழக்குகின்றன. முதல் தனிப் பறப்பு வானொலி வழியே ஆசிரியரின் குரலைக் கேட்டபடி நடைபெறும். பொறியை நிறுத்திவிட்டுத் தரையிறங்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே பெறுவது நன்று.

ஒருவர் ஆசிரியரோடு இரட்டை இருக்கையில் சுற்றிப்பார்த்து வருவது பயிற்சி ஆகாது. சுற்றுலா இடங்களில் இவ்விரண்டும் ஒரே பலகையில் விளம்பரப்படுத்தப்படுவதால் இதைக் குறிப்பிட வேண்டியுள்ளது.

இந்தியாவில் பாராகிளைடிங்கிற்குப் பெயர்பெற்றவை, 2015இல் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்ற இமாச்சலப் பிரதேசத்தின் பீர்-பில்லிங், மும்பைக்கும் புனேவுக்கும் இடையேயுள்ள காம்ஷேத் ஆகியன. மணாலியிலுள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனமும் பாராகிளைடிங் வகுப்புகளை நடத்துகிறது. தமிழகத்தில் திருப்பத்தூர் மாவட்டத்தின் ஏலகிரி மலை பாராகிளைடிங்குடன் தொடர்புடையது. பொறியின்றிப் பறக்கக் கற்றவர் பாராமோட்டாருக்கு மாறுவது எளிது. எனினும் விசை, எதிர்முறுக்கு, சுமையுடன் ஓடுதல் ஆகியவற்றை அவரும் ஆசிரியரிடமே கற்க வேண்டும்.

ரமணாசிரமப் பகுதியின் காற்றும் நிலமும்

அண்ணாமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 814 மீட்டர் உயரமுடையது. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து 600 மீட்டருக்கு மேல் தனித்து எழுவதால், ஆற்றில் கிடக்கும் பாறையை நீர் சுற்றிச் செல்வது போலக் காற்று இம்மலையைச் சுற்றிச் செல்கிறது. காற்று வீசும் திசைக்கு மறுபுறத்தில் சுழிகள் உண்டாகும். அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. மலையின் உயரத்தைப் போலப் பல மடங்கு தொலைவு வரை நீளக்கூடியவை.

ஆசிரமம் மலையின் தென்புற அடிவாரத்தில், செங்கம் சாலையில் அமைந்துள்ளது. அக்டோபர் முதல் வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில் இப்பகுதி மலையின் மறைவில் விழுகிறது. தரையில் இலை அசையாத அமைதி நிலவும்போதே 100 மீட்டர் உயரத்தில் இறக்கையை மடக்கும் சுழி இருக்கக்கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு, தென்மேற்குக் காற்றில் நிலைமை மாறி, கிழக்கு அடிவாரத்திலுள்ள அருணாசலேசுவரர் கோயிலும் நகரமும் மறைவுப் பக்கமாகின்றன. வெளிநாட்டினர் மிகுதியாக வந்து தங்குவது திசம்பர் முதல் பிப்ரவரி வரை. புலர்காலையின் குளிர்ந்த அமைதியைக் கண்டு பறக்க ஆவல் கொள்ளும் அதே காலத்தில்தான் காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து வருகிறது.

வெயில் ஏறியதும் பாறைச் சரிவுகள் சூடாகி வெப்பக்காற்று எழும். ஆகவே சமவெளிகளில் பறப்பு, கதிர் எழுந்த பின் இரண்டொரு மணி நேரத்திற்கும் மாலையின் கடைசி இரண்டு மணி நேரத்திற்கும் உள்ளேயே வரையறுக்கப்படுகிறது. அந்நேரத்திலும் மின்கம்பிகள், தென்னந்தோப்புகள், கரும்பு வயல்கள் ஆகியவை இறங்கும் வெளியைச் சுருக்குகின்றன. மலை காப்புக்காடு ஆகும். பௌர்ணமியன்றும் கார்த்திகைத் தீபத்தன்றும் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடப்பர். மக்கள் கூட்டத்தின் மீதும் இரவிலும் பறப்பதை எந்தப் பயிற்சி முறையும் ஏற்பதில்லை.

ஒலியும் ஒரு காரணி. ரமண மகரிசி 1896இல் திருவண்ணாமலை வந்து, 1950இல் மறையும்வரை அவ்வூரைவிட்டு நீங்கவில்லை. அவரது போதனையில் மௌனத்துக்கு முதலிடம் உண்டு. அங்கு வருவோர் நாடுவதும் அதுவே. இருவீச்சுப் பொறியின் இரைச்சல் தியான மண்டபச் சுவர்களைக் கடக்கும். உலகெங்கும் பறப்பிடங்கள் மூடப்படுவதற்கு விபத்தைக் காட்டிலும் அண்டை வீட்டாரின் முறையீடு காரணமாதல் மிகுதி.

சட்டமும் அனுமதியும்

நாடுகளிடையே விதிகள் பெரிதும் வேறுபடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் ஒருவர் மட்டும் பறக்கும் இலகு ஊர்திக்கு உரிமம் தேவையில்லை. செருமனியில் தேவை. தம் நாட்டில் உரிமமின்றிப் பறந்த ஒருவர் இந்தியாவிலும் அவ்வாறே செய்யலாம் எனக் கருதுவது தவறு.

இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்திற்கு மாற்றாக, 2024இல் இயற்றப்பட்ட பாரதிய வாயுயான் அதிநியம் 2025 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. விசைப் பறப்பு உள்நாட்டுப் பாதுகாப்போடு தொடர்புபடுத்தியே பார்க்கப்படுகிறது. தில்லி, மும்பை காவல்துறையினர் முக்கிய நாட்களையொட்டிப் பாராகிளைடர், பாராமோட்டார் ஆகியவற்றைத் தடை செய்து ஆணையிடுவது வழக்கம். 2023 அக்டோபரில் இசுரேல் மீதான தாக்குதலில் பொறி பூட்டிய பாராகிளைடர்கள் பயன்படுத்தப்பட்டபின் இக்கவலை உலகளவில் வலுத்தது. எனவே விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளைக் கேட்டறிவதோடு, மாவட்ட ஆட்சியர், காவல்துறை, நில உரிமையாளர் ஆகியோரின் எழுத்து வழி இசைவின்றிப் பொறியை முடுக்கலாகாது.

பறப்பவர்கள் பாதுகாப்புக்கெனக் கொண்டுவரும் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகள் இந்தியாவில் முன் அனுமதியின்றி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவை. அவற்றோடு விமான நிலையங்களில் பிடிபட்டு வெளிநாட்டினர் வழக்கை எதிர்கொண்டதுண்டு. பெட்ரோல் வாடையுள்ள பொறியைப் பயணிகள் விமானங்கள் ஏற்பதில்லை.