தந்தை என்னும் பெயர்

பட்டங்கள் இருவகையின. அரசு வழங்குவது ஒன்று. மக்கள் மனமுவந்து சூட்டுவது மற்றொன்று. எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் இரண்டையும் பெற்றவர். சட்டத்துறையில் உயர்ந்தோர்க்கு அளிக்கப்படும் கே. சி. பட்டம் 1947ஆம் ஆண்டிலே அவரை அடைந்தது. இன்று அதனை நினைவில் வைத்திருப்போர் சிலரே. 'தந்தை' என்னும் பெயரையோ சிறுவரும் அறிவர். அஃது அரசியல் மேடை தந்த பெயர் என்பர் பலர். அதன் வேர் குடும்ப வாழ்விலே உள்ளது என்பதே எமது கருத்து.

அவர் பிறந்தது 1898 மார்ச் 31இல், மலாயாவிலுள்ள ஈப்போ நகரில். தந்தை கடல் கடந்து பொருளீட்ட, தாய் ஊரிலே பிள்ளைகளை வளர்ப்பது அக்கால யாழ்ப்பாணத்தார் பலருக்கும் வாய்த்த வாழ்வு. செல்வநாயகமும் நான்கு வயதிலே தாயுடனும் உடன்பிறந்தாருடனும் தெல்லிப்பழைக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் ஓர் இனமே தந்தை என்றழைத்த அவர், தம் தந்தையைப் பிரிந்து வளர்ந்த பிள்ளையாவார்.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரியிலும், கொழும்பு புனித தோமையார் கல்லூரியிலும் பயின்றார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரி மாணவராய்ப் பெற்று ஆசிரியரானார். அப்பொழுது அவருடைய தம்பியார் கடும் நோயுற்றார். பார்த்துவர விடுமுறை கேட்டார், கிடைத்திலது. உடனே உத்தியோகத்தைத் துறந்தார். ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இச்செயலின் அருமை நன்கு விளங்குகின்றது. மாதச் சம்பளத்தை இழப்பது இளைஞர் ஒருவர்க்கு எளிதன்று. இழந்த சம்பளத்தை மீண்டும் தேடலாம்; தம்பியை எங்கே தேடுவது?

பின்னர் வெஸ்லி கல்லூரியில் கற்பித்தார். சட்டம் பயின்று அப்புக்காத்துமானார். குற்ற வழக்குகளை விடுத்துக் குடியியல் வழக்குகளிலே பேர்பெற்றார். அவருடைய குரலோ மெல்லியது. காணியும் கடனும் பற்றிய வழக்குகளுக்கு உரத்த குரல் வேண்டியதில்லை. எழுதியது யாது, ஒப்பமிட்டவர் யார், கொடுத்த வாக்கு யாது என்று ஆராயும் தெளிவே வேண்டுவது. அத்தெளிவு அவரிடம் நிரம்ப இருந்தது.

1927இல் எமிலி கிரேஸ் அம்மையாரை மணந்தார். மகள் ஒருவரும் மகன்மார் நால்வரும் பிறந்தனர். தொழிலில் வருவாயும் வந்தது. அம்மட்டில் அமைந்து இனிதே வாழ்ந்திருக்கலாம். ஆயினும் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிப் பொதுவாழ்வின் சுமையை மேற்கொண்டார். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவுடனும் 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் ஒப்பந்தம் செய்தார். ஒப்பமிட்ட சொல் காக்கப்படும் என்று நம்புவது சட்டத்தரணியின் இயல்பு. இரண்டும் நிறைவேற்றப்படவில்லை. அப்பொழுதும் அவர் அறவழியை விட்டு விலகினாரல்லர்.

சைவர் பெருந்தொகையினராய் வாழும் காங்கேசன்துறைத் தொகுதி, கிறித்தவராகிய அவரைப் பலமுறை பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. சைவ மரபில் வந்த எமக்கு அஃது ஒரு பெருமிதம். குடும்பத்தில் மூத்தவர் ஒருவர்மீது வைக்கும் நம்பிக்கையை அம்மக்கள் அவர்மீது வைத்தனர். முதுமையில் நடுக்குவாதம் அவரைப் பற்றியது, செவிப்புலனும் மங்கியது. அந்நிலையிலும் 1975ஆம் ஆண்டு இடைத்தேர்தலிலே நின்று வென்றார். 1977 ஏப்ரல் 26இல் மறைந்தார். மருமகனாகிய பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன் பின்னர் அவர் வரலாற்றை நூலாக எழுதினார்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அண்மையிலே அவருடைய நினைவுத்தூண் உயர்ந்து நிற்கின்றது. நூலகம் செல்லும் மாணவர்கள் அதனை அண்ணாந்து பார்ப்பர். பார்க்கும்போது, கட்சித் தலைவரை மாத்திரமன்று, தம்பியைக் காண்பதற்காக உத்தியோகத்தைத் துறந்த அந்த இளம் ஆசிரியரையும் நினைத்தல் வேண்டும். தந்தை என்னும் பெயருக்கு அவர் தகுதியானது அன்றே என்க.