பிள்ளையின் கழுத்தில் கட்டி: கத்திக்கு முன் ஸ்கேன்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிள்ளையின் கழுத்தைத் தடவிக் காட்டி, "டொக்டர், இது கான்சரா?" என்று கேட்காத தாய் குறைவு. பெரும்பாலும் இல்லை. தடிமன், தொண்டை நோ, சூத்தைப் பல், பேன் கடித்துச் சொறிந்த புண் எல்லாவற்றுக்கும் கழுத்தின் பக்கத்தில் நெறி கட்டும். சில கிழமைகளில் வற்றிவிடும். நடுக்கழுத்தில் வரும் கட்டியின் கதை வேறு.

நாக்கை நீட்டச் சொல்லுங்கள்

தொண்டைக்குழிக்கு மேலே, நடுவில் உள்ள கட்டியின்மீது விரலை மெல்ல வைத்துக்கொண்டு பிள்ளையை நாக்கை நீட்டச் சொல்லுங்கள். விரலுக்கடியில் கட்டி மேலே ஏறினால், அது பெரும்பாலும் தைரொயிட் வந்த வழியில் தங்கிய நீர்க்கட்டி. கருவில் தைரொயிட் நாக்கின் அடியில் உருவாகிக் கழுத்துக்கு இறங்குகிறது. அது இறங்கிய குழாய் மறையாமல் எஞ்சினால் நீர் கோத்துக்கொள்ளும். தடிமன் வந்த கையோடு சிவந்து வீங்கும்போதுதான் பல வீடுகளில் அது கண்ணில் படுகிறது.

கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும். நாவடி எலும்பின் நடுத்துண்டையும் நாக்கின் அடிவரை போகும் குழாயையும் சேர்த்து எடுக்கும் முறையை அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் சிஸ்ட்ரங்க் 1920இல் விவரித்தார். இன்றும் அதுவே வழக்கம்.

இறங்காமல் நின்ற தைரொயிட்

சிலருக்குத் தைரொயிட் நாக்கின் அடியிலேயே நின்றுவிடும். அரிது; லட்சத்தில் ஒருவர் அளவில்தான். ஆனால் அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு உடம்பில் உள்ள ஒரே தைரொயிட் அதுதான். கட்டி என்று எண்ணி வெட்டினால் பிள்ளை ஆயுள் முழுக்க தைரொக்சின் குளிசை விழுங்க வேண்டும். மூச்சையோ விழுங்குவதையோ அடைக்காதபோது குளிசையே பல வேளை போதும். அதனால்தான் கழுத்து ஸ்கேனும் தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் முதலில்.

கைக்குழந்தையின் மூச்சுச் சத்தம்

நாக்கின் அடியில் நீர்க்கட்டி இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், பால் குடிக்கையில் திணறல், நிறை ஏறாமை. இதைச் சளி என்று வேது பிடித்து நாளைக் கடத்துவதுதான் ஆபத்து. மெல்லிய கமெராக் குழாயை மூக்கால் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அதிக தூரமில்லை. உதடு நீலம் பாய்ந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

வற்றாத நெறி

ஆறு கிழமையாகியும் வற்றாத, 2 சென்றிமீற்றரைத் தாண்டிய, கல்லுப்போன்ற அல்லது காறையெலும்புக்கு மேலே உள்ள நெறியைக் காட்டியே ஆகவேண்டும். காய்ச்சலோ இரவு வியர்வையோ மெலிவோ சேர்ந்தால் தாமதம் கூடாது. காசநோயும் இப்படி வரும். பிறந்தபோது போட்ட பிசிஜி ஊசி அதை முற்றாகத் தடுப்பதில்லை. கீறிச் சலம் எடுத்தால் ஆறாத புண்ணாகலாம். வீட்டில் பத்துப் போடுவதும் வேண்டாம்.

நடுக்கழுத்துக் கட்டிக்குச் சத்திரசிகிச்சைத் திகதி தந்தால், "தைரொயிட் அதன் இடத்தில் இருக்கிறதா, ஸ்கேனில் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.