முடியும் குடியும்

அரசு நடத்துவோர் மக்களாலே தெரிவு செய்யப்படல் வேண்டும் என்பது குடியாட்சியின் முதற் கொள்கை. பிறப்பினாலே ஒருவர் அரசுரிமை எய்துதல் முடியாட்சியின் முதற் கொள்கை. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் இயல்பின. எனினும் பிரித்தானியா, நோர்வே, சுவீடன், டென்மார்க்கு, நெதர்லாந்து, யப்பான், மலேசியா முதலிய நாடுகளில் இவை இரண்டும் உடனுறையக் காண்கின்றோம். நம் பழைய மாணவர் பலர் இன்று வாழும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மன்னர் மூன்றாம் சாள்சு அவர்களே முடிக்குரியவர். கனடாவிற் குடியுரிமை பெறுவோர் அவருக்கு விசுவாசமாயிருப்பதாக உறுதிமொழியும் கூறுகின்றனர். நம் நாடும் 1948ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டு வரை, இருபத்துநான்கு ஆண்டுகள், முடியின்கீழ் அமைந்த குடியாட்சியாகவே விளங்கிற்று. ஆதலின் மக்களாட்சியில் அரச குடும்பத்துக்கு யாது பணி என்னும் வினா நமக்குப் புறம்பானதன்று. அப்பணியால் விளைந்த நன்மை யாது, விளையாத நன்மை யாது என்பதனை நம் நாட்டு வரலாறு கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். நாட்டின் தலைவர் என்பார் வேறு. அரசாங்கத்தின் தலைவர் என்பார் வேறு. முன்னவர் நாட்டின் மாண்புக்கு உருவமாய் நிற்பவர். பின்னவர் அதிகாரத்தைக் கையாள்பவர். முடியுடைய குடியாட்சிகளில் மாண்பு முழுவதும் மன்னரிடத்தும், அதிகாரம் முழுவதும் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புடைய மந்திரி சபையிடத்தும் இருக்கும். சட்டங்கள் மன்னர் பெயராலே பிறக்கும். ஆயின் மந்திரிமார் சொல்லாத எதனையும் மன்னர் செய்யார். உவால்ற்றர் பசற்று என்னும் ஆங்கில அறிஞர் 1867ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் மன்னருக்கு மூன்று உரிமைகளே உள எனக் காட்டினார். மந்திரிமார் தம்மைக் கலந்து பேசுமாறு வேண்டுதல், அவர்களுக்கு ஊக்கமளித்தல், தவறு காணின் எச்சரித்தல் என்பனவே அவை. தடுத்தல் என்பது அவற்றுள் இல்லை.

தடுக்கவியலாத மன்னராற் பயன் யாதெனின், மூன்று பயன்களை எடுத்துக்காட்டுவர். ஒன்று, அரசாங்கங்கள் மாறினும் அரசு மாறாமல் நிற்றல். இரண்டு, கட்சிகளுக்கு மேலான ஓர் அடையாளமாய் எல்லாக் குடிகளையும் ஒன்றுபடுத்தல். மூன்று, எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாத இக்கட்டில் நடுவராயிருந்து பிரதம மந்திரியைத் தெரிதல். இவற்றோடு, நெருக்கடியிற் குடியாட்சியைக் காத்தலும் ஒரோவழி நிகழ்வதுண்டு. 1981ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி இசுப்பானியாவிற் படையினர் சிலர் பாராளுமன்றத்துட் புகுந்து உறுப்பினரைச் சிறைப்பிடித்தபோது, மன்னர் யுவான் கார்லோசு தொலைக்காட்சியிலே தோன்றி அரசியற்றிட்டத்தின் பக்கம் நின்றார், கிளர்ச்சி அடங்கிற்று. இதற்கு மறுதலையாக, 2005ஆம் ஆண்டில் நேபாள மன்னர் ஞானேந்திரர் அரசாங்கத்தைக் கலைத்து அதிகாரத்தைத் தாமே மேற்கொண்டார். 2008ஆம் ஆண்டு மே 28ஆந் திகதி அந்நாட்டு முடியாட்சியே ஒழிக்கப்பட்டது. அதிகாரத்தை விட்டுநின்ற முடி நிலைத்தது. அதனைப் பற்றிய முடி வீழ்ந்தது.

இனி, நம் நாட்டினை நோக்குவாம். இங்கு ஆண்ட முடி இம்மண்ணிற் பிறந்ததன்று. வன்னியிலே பண்டாரவன்னியன் 1803ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒற்றோபர் 31ஆந் திகதி கற்சிலைமடுவில் ஆங்கிலப் படைத்தலைவன் திறிபேக்கினால் அவன் தோற்கடிக்கப்பட்டமையை அங்கு நாட்டப்பட்ட கல் கூறிற்று. பன்னிரண்டாண்டு கழிந்து, 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி கண்டியில் எழுதப்பட்ட உடன்படிக்கையால் நாயக்கர் மரபின் உரிமை நீக்கப்பட்டுக் கண்டி நாடும் பிரித்தானிய முடிக்குரியதாயிற்று. சிறைப்பட்ட சிறீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் ஆங்கே இறந்தான். அவனுடைய சிங்காசனம் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1934ஆம் ஆண்டிலேதான் மீண்டுவந்தது; இன்று அது கொழும்பு நூதனசாலைக் காட்சிப் பொருள். இவ்வாறு உள்நாட்டு முடிகளை அகற்றிய முடியே 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி பிறந்த சுதந்திர இலங்கைக்கும் முடியாய் அமைந்தது. எல்லாக் குடிகளையும் ஒன்றுபடுத்தும் அடையாளமாக அதனால் ஆக முடியாமற் போனமைக்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

எலிசபெத்து மகாராணியார் 1952ஆம் ஆண்டில் அரசுரிமை எய்தினார். 1954ஆம் ஆண்டு ஏப்பிரலில் இலங்கைக்கு வந்து, இலங்கையின் இராணி என்னும் முறையிற் பாராளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடக்கி வைத்தார். அக்காலத்து ரூபாய்த் தாளிலும் இரண்டு சத நாணயத்திலும் அவர் திருவுருவம் இருந்தமையை நம்முள் மூத்தோர் நினைவுகூர்வர். 1956ஆம் ஆண்டு முதல் ரூபாய்த் தாள்களிலும், 1963ஆம் ஆண்டு முதல் நாணயங்களிலும் அவ்விடத்தை நாட்டின் இலச்சினை பெற்றது. சட்டத்தால் முடி நீங்குமுன்னரே மக்களின் கையிலிருந்து அது நீங்கிவிட்டது.

இராணியார் கடலுக்கப்பால் இருந்தமையின், அவர் பணியை மகாதேசாதிபதி இங்கு ஆற்றினார். அவரை நியமிப்பவர் இராணியார். நியமிக்குமாறு ஆலோசனை கூறுபவரோ பிரதம மந்திரி. எனவே மன்னருக்குப் பிறப்பால் வாய்க்கும் கட்சிச் சார்பின்மை அவர் பிரதிநிதிக்கு இயல்பாய் வாய்ப்பதில்லை. ஆயினும் நடுவர் பணி அவரிடம் வந்ததுண்டு. 1952ஆம் ஆண்டு மார்ச்சில் டி. எசு. சேனாநாயக்கா இறந்தபோது, சேர் யோன் கொத்தலாவலை எதிர்பார்த்திருந்த பதவிக்கு டட்லி சேனாநாயக்காவை அழைத்தவர் சோல்பரிப் பிரபு. 1960ஆம் ஆண்டு மார்ச்சுத் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கம் ஏப்பிரல் மாதத்திற் சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பிலே தோற்றது. எதிர்த்தரப்பினரை அழைக்காது, பாராளுமன்றத்தையே கலைத்தார் சேர் ஒலிவர் குணத்திலக்கா. பதினைந்து உறுப்பினரைக் கொண்டிருந்த தமிழரசுக் கட்சி ஆட்சியமைப்பைத் தீர்மானிக்கும் நிலையிலிருந்த பாராளுமன்றம் அவ்வாறு முடிவெய்திற்று. யூலைத் தேர்தலிற் சிறீ லங்கா சுதந்திரக் கட்சி தனித்தே ஆட்சியமைத்தது. அம்முடிவு சரியோ பிழையோ என்பது ஒருபுறமிருக்க, முடியின் பெயரால் ஒருவர் எடுக்கும் முடிவு ஒரு சமூகத்தின் பேரம்பேசும் வலிமையையே மாற்றவல்லது என்பதனை அது காட்டிற்று.

சட்டங்களின் பொருட்டு முடி யாது செய்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிற்று. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்றது. இரண்டும் முடியின் சம்மதம் பெற்றே சட்டமாயின. வவுனியாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரும் வர்த்தக மந்திரியுமாயிருந்த செ. சுந்தரலிங்கம் அவர்கள் இந்தியரின் குடியுரிமை பற்றிய மசோதாவின் காரணமாக 1948ஆம் ஆண்டின் இறுதியில் மந்திரி சபையை விட்டு நீங்கினார். மந்திரி ஒருவர் விலகலாம்; முடி விலகவியலாது. மந்திரி சபையின் ஆலோசனைப்படி கையொப்பமிடுவதே முடியின் கடமை. ஆதலின் சிறுபான்மையோருக்கு அரணாய் முடி நிற்கும் என எதிர்பார்த்தல் அதன் இயல்பை அறியாமையேயாம்.

அவ்வாறாயின் அக்காலத்துத் தமிழருட் பலர் அவ்வமைப்பிலே ஓரளவு நம்பிக்கை வைத்தது எதனால்? சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவினாலும், இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்தினாலுமே எனலாம். ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்றது அப்பிரிவு. அதனை மீறிய சட்டம் செல்லுமோ என்று இறுதியிலே தீர்ப்பளிக்கும் மன்று அக்கழகம். அஃது எப்போதும் நமக்குத் துணைநின்றதென்று கூறுதல் உண்மையன்று. 1953ஆம் ஆண்டிற் கோடாக்கன் பிள்ளை வழக்கிலே குடியுரிமைச் சட்டம் செல்லும் என்றே அது தீர்த்தது. எனினும் வழக்காட ஒரு வாயில் இருந்தது.

அவ்வாயிலின் பெறுமதியை விளக்க ஒரு வழக்கே போதும். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையாற் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் கோடீசுவரன் வழக்குத் தொடுத்தார். 1964ஆம் ஆண்டில் மாவட்ட நீதிமன்று, அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றமோ, முடியின் ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்காடவியலாது என்று கூறி அதனைத் தள்ளிற்று. 1969ஆம் ஆண்டிற் கோமறைக் கழகம் இத்தடையை நீக்கி, சட்டம் செல்லுமோ என்பதனை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. இங்கு முடி என்னும் கருத்தே குடிமகனுக்கு எதிரான கேடயமாயிற்று. முடியின் பெயராலமைந்த மன்றே அக்கேடயத்தை அகற்றிற்று. மூல வினாவுக்கோ விடை வரவேயில்லை. 1971ஆம் ஆண்டிற் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் உரிமை ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு மே 22ஆந் திகதி குடியரசு பிறந்தபோது 29ஆம் பிரிவும் மறைந்தது.

குடியரசான அன்று நிகழ்ந்ததனை உற்றுநோக்குதல் வேண்டும். முதல்நாள் வரை மகாதேசாதிபதியாயிருந்த வில்லியம் கோபல்லாவ அவர்களே மறுநாள் சனாதிபதியானார். நாட்டுத் தலைவரின் பணி ஏறத்தாழ முன்போலவே இருந்தது. மாறியது முடியன்று, 29ஆம் பிரிவின் காப்பும், ஆக்கப்பட்ட சட்டம் செல்லுமோ என ஆராயும் நீதிமன்றத்தின் அதிகாரமுமே நீங்கின. 1978ஆம் ஆண்டிலோ, நாட்டுத் தலைவரும் அரசாங்கத் தலைவரும் ஒருவரேயாயினர். முற்காலத்து மன்னரின் மாண்பும் இக்காலத்துப் பிரதம மந்திரியின் அதிகாரமும் நிறைவேற்று சனாதிபதி என்னும் ஓராசனத்தில் ஒன்றுகூடின. முடியை நீக்கிய நாடு முடியினும் வலிய பதவியைப் படைத்துக்கொண்டது.

பிற நாடுகள் இதனை வேறு வகையாய்க் கையாண்டன. மலேசியாவில் ஒன்பது மாநில அரசர் தம்முள் ஒருவரை ஐந்தாண்டுக்கொருமுறை பேரரசராய்த் தெரிகின்றனர். 2022ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்தலில் எக்கூட்டணிக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது, அப்போதைய பேரரசர் கட்சித் தலைவர்களோடு கலந்து பேசி அன்வர் இப்ராகீமைப் பிரதமராக்கினார். இந்தியாவோ அரசரை ஆட்சியிலிருந்து முற்றாய் நீக்கிற்று. புதுக்கோட்டை 1948ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அங்குத் தொண்டைமான்கள் வாழ்ந்த அரண்மனையிலே இன்று மாவட்டக் கச்சேரி நடைபெறுகின்றது. முன்னாள் அரசர்க்கு வழங்கப்பட்ட மானியமும் 1971ஆம் ஆண்டில் அரசியற்றிட்டத்தின் 26ஆந் திருத்தத்தால் ஒழிந்தது. எனினும் நாட்டுத் தலைவர் வேறு, அரசாங்கத் தலைவர் வேறு என்னும் முறையை அந்நாடு கைவிடவில்லை. முடியில்லாமலே முடியின் நற்பயனைப் பெறலாம் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டாகும்.

இவற்றாற் பெறப்படுவன இரண்டு. அரச குடும்பத்தின் பயன் அதன் குருதியில் இல்லை. வணக்கம் பெறுபவர் ஆணையிடலாகாது, ஆணையிடுபவர் வணக்கத்தை எதிர்பார்க்கலாகாது என்னும் எல்லைக்கோட்டிலேயே உள்ளது. அக்கோட்டைப் பேணும் நாடு முடியுடன் வாழினும் முடியின்றி வாழினும் குடியாட்சியாய் நிலைக்கும். மற்றொன்று, சிறு தொகையினரான மக்களுக்குக் காப்பளிப்பது மகுடமும் அன்று, நாட்டுத் தலைவரின் நல்லெண்ணமும் அன்று. பெரும்பான்மை நினைத்தவுடன் அழிக்கவியலாத எழுத்துச் சட்டமும், அதனை நிலைநாட்டும் அச்சமற்ற நீதிமன்றமுமே. பண்டாரவன்னியனுக்கு வவுனியா நகரிற் சிலையுண்டு. அவன் வழியினர் எவரும் நம்மை ஆளவில்லை. ஆளாமலே அவன் பெறும் மதிப்புக் குறையவுமில்லை. நம் கல்லூரியிலிருந்து வெளிவரும் இளைஞர் எதிர்காலத்திலே புதியதோர் அரசியற்றிட்டத்தை ஆராய நேரின், தலைவர்க்கு யாது பெயர் என்று முதலில் வினவற்க; அவரைத் தடுக்கவல்ல சட்டம் யாது, அச்சட்டத்தைக் கேட்டு வழக்காட எளிய எழுதுவினைஞர் ஒருவருக்குத் திறந்திருக்கும் வாயில் எது என்று வினவுக.