பொறி சொல்லும் கணக்கு

ஈயைப் பிடிப்பது எளிது; பிடித்த ஈக்களை எண்ணுவதும் எளிது. எண்ணி வந்த தொகைக்குப் பொருள் காண்பதுதான் அரிது. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் அட்லாண்டிக் கடற்கரையில் வாழும் ஒரு குதிரை ஈ நல்ல சான்றாகும்.

'டாபானஸ் நைக்ரோவிட்டேட்டஸ்' என்பது இதன் விலங்கியற் பெயர். கண்கள் பச்சை நிறமாக இருப்பதால் அங்குள்ள மக்கள் இதனைப் 'பச்சைத் தலை' என்று அழைக்கின்றனர். மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி முதலிய மாநிலங்களின் உவர்ச் சதுப்பு நிலங்களே இதன் பிறப்பிடம். புழுப்பருவம் சேற்றுக்குள் ஓராண்டோ அதற்கு மேலோ கழிகிறது. கோடையில், சிறப்பாக ஜூலைத் திங்களில், சிறகு முளைத்த ஈக்கள் திரளாக வெளிவருகின்றன. ஆண் ஈ கடிப்பதில்லை. பெண் ஈயோ கால்நடைகளையும் கடலாட வரும் மக்களையும் கடித்துக் குருதி குடிக்கிறது.

சதுப்பு நிலமெங்கும் நஞ்சு தெளித்தால் மற்ற உயிர்களுக்கும் கேடு விளையும். ஆகவே அங்கே பெட்டிப் பொறி வைக்கின்றனர். நான்கு கால்களின் மேல் நிற்கும் பளபளப்பான கறுப்புப் பெட்டி அது. கருமையான உருவைக் கண்டு விலங்கென மயங்கும் ஈ அடிப்புறமாக உள்ளே நுழைகிறது. மேலிருந்து வரும் ஒளியை நாடி ஏறுகிறது. திரும்பும் வழியறியாது சிக்கிக்கொள்கிறது.

ஒரே இடத்தில் ஒரே வகைப் பெட்டியை நிறுத்தி, குறித்த இடைவெளியில் எண்ணி வந்தால், ஈப் பருவம் தொடங்குவதும் உச்சம் அடைவதும் ஓய்வதும் புலனாகும். ஆனால் குளிர்ந்த நாளிலும் காற்று பலமாக வீசும் நாளிலும் ஈக்கள் அதிகம் பறப்பதில்லை. அன்று பெட்டியில் சில ஈக்களே இருப்பது கண்டு, ஈயினமே குறைந்துவிட்டது என முடிவு கட்டுதல் தவறு. எனவே தொகையோடு அந்நாளின் வெப்பத்தையும் காற்றையும் குறித்தல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. இந்த ஈ முதன்முறை முட்டையிடுவதற்குக் குருதி தேவையில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த சத்தே போதும். அடுத்த முட்டைகளுக்காகவே அது குருதி தேடிப் புறப்படுகிறது. ஆகவே பொறியில் விழும் ஈக்களுள் பெரும்பாலானவை முன்னரே ஒரு தொகுதி முட்டையிட்டவை. பெட்டி நிறைந்தால் அவ்வட்டாரத்தில் கடிபடுவோர் தொல்லை குறையும். ஆனால் மறு ஆண்டின் ஈக்களும் அதே அளவில் குறையும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது.

பொறி தரும் எண், குருதி தேடி வந்த ஈக்களின் எண்ணிக்கையே அன்றி, சதுப்பு நிலத்து ஈக்கள் அனைத்தின் எண்ணிக்கை அன்று. ஆய்வுக்கூடத்தில் கணக்கெடுக்கும் மாணவராகிய நாமும் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்வோமாக!