உண்ட இரும்பு உடலிற் சேர வேண்டும்

கீரையில் இரும்புச் சத்து உண்டென்பது பல்கலைக்கழக மாணவருக்குப் புதிய செய்தியன்று. கமக்காரர் வீடுகளிலிருந்து சென்று பயிலும் பிள்ளைகளும் இதனை நன்கறிவர். ஆயினும் உண்ணும் இரும்பு முழுவதும் உடலிற் சேர்வதில்லை என்பது எளிதில் மறக்கப்படுகின்றது. விடுதியிலே பாணும் பருப்புக்கறியும் உண்டு, உடனே தேநீர் அருந்தும் மாணவி, பருப்பிலுள்ள இரும்பிற் பெரும் பகுதியை இழந்து விடுகின்றாள். வயலிலே சோற்றுடன் தேநீர் அருந்துவோருக்கும் இந்நட்டமே நேர்கின்றது.

ஒட்சிசனை உடலெங்கும் கொண்டு செல்லும் ஈமோகுளோபின் உண்டாவதற்கு இரும்பு இன்றியமையாதது. அது குறைந்தால் சோர்வும் இளைப்பும் தோன்றும். படிப்பிலும் வேலையிலும் மனம் ஊன்றாது. மாதவிடாயினால் இரும்பை இழக்கும் பெண்களுக்கு, ஆண்களிலும் கூடுதலாக அது தேவை. கருவுறாத பெண்ணின் 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 12 கிராமிலும் குறைந்தால், அதனை உலக சுகாதார தாபனம் குருதிச்சோகை எனக் கொள்கின்றது.

இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றின் இரும்பு எளிதிற் சேரும். கீரை, பயறு, கௌபி, தானியங்கள் ஆகியவற்றின் இரும்பிற் சிறு பகுதியே சேரும். அதனைக் கூட்டும் வழிகள் வருமாறு:

1. கீரைக்கறியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னர் தேசிக்காய்ப் புளி விடுக. அதிலுள்ள விற்றமின் சீ இரும்பு சேர உதவும். மிகுந்த சூட்டில் அது அழியும்.

2. உணவுடன் கொய்யாப்பழமேனும் சிறிது மீனேனும் சேர்த்துக் கொள்க.

3. தேநீரையும் கோப்பியையும் உணவுக்கு ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துக.

4. பயறு, கௌபி ஆகியவற்றை ஊறவைத்து முளைக்கவிட்டுச் சமைக்க. இரும்பைத் தடுக்கும் பொருள் அதனாற் குறையும்.

கொழுக்கிப்புழு குடலிலிருந்து குருதியை உறிஞ்சுவது. ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோல் வழியே அது புகும். ஆதலால் மலசலகூடத்தையே பயன்படுத்துதல் வேண்டும். தோட்டத்திற் பாதணி அணிதல் நன்று.

கண்ணிமையின் உட்புறம் வெளிறி, இளைப்பும் நீடித்தால் வைத்தியசாலையிற் குருதியைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். பரம்பரை நோயாகிய தலசீமியாவும் குருதிச்சோகையை உண்டாக்கும். எனவே வைத்தியரைக் கேளாது இரும்பு மாத்திரை உட்கொள்ளலாகாது.

வேலியில் ஒரு முருங்கை, கிணற்றடியில் ஒரு கீரைப்பாத்தி, நெல் அறுவடையின் பின் சிறிது பயறு: இவற்றுக்குப் பெருஞ் செலவில்லை. விளைந்ததை உண்ணும் முறையையும் அறிந்த வீட்டிலே விளைவின் முழுப்பயனும் பிள்ளைகளைச் சேரும்.