முதல் ரைபிள்: பவரைக் கேட்காதீர்கள்

2022-ல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித் குமார் பதக்கங்கள் வாங்கியதிலிருந்து, எங்கள் பக்கத்துப் பையன்கள் ரைபிளைப் பற்றி விசாரிப்பது கூடிவிட்டது. ராயபுரமோ திருவொற்றியூரோ எண்ணூரோ, கேள்வி மட்டும் ஒன்றுதான்: "அண்ணே, கையில இவ்ளோதான் இருக்கு. இதுல நல்ல பவரா எது வரும்?" பட்ஜெட்டை முதலில் சொல்லிவிடுவது நல்ல பழக்கம். பவரைக் கேட்பதில்தான் காசு வீணாகிறது. சில சமயம் போலீஸ் கேஸ் வரைக்கும் போகிறது. எது தேவை, எது தேவையில்லை என்பதைக் கணக்கோடு எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்று. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ரைபிள் என்றால் ஏர் ரைபிள்தான். பாயின்ட் டூ டூ போன்ற தோட்டா ரைபிளுக்கு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அது பிற்பாடு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஏர் ரைபிளில் உலகம் முழுக்க நடக்கும் போட்டி 10 மீட்டர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதுதான்.

அட்டை என்ன கேட்கிறது?

10 மீட்டர் அட்டையின் நடுவில் இருக்கும் பத்தாவது புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. பேனா முனையால் வைத்த புள்ளி மாதிரி இருக்கும். அதைச் சுற்றி 2.5 மி.மீ. இடைவெளியில் ஒவ்வொரு வளையமாக விரிந்து, மொத்த வட்டமும் 45.5 மி.மீ.தான். நாம் சுடும் ஈய பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10 கிடைத்துவிடும். அதாவது பெல்லட்டின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். போட்டியில் இதை 60 முறை செய்ய வேண்டும். நேரம் 75 நிமிடம். பத்துக்குள்ளேயும் 10.0 முதல் 10.9 வரை தசமக் கணக்கு உண்டு. பிந்த்ராவின் கடைசி ஷாட் 10.8.

இதற்கு எவ்வளவு பவர் வேண்டும்? ஒலிம்பிக் தர ரைபிளில் அரை கிராம் சொச்சம் எடையுள்ள பெல்லட் நொடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் 7.5 முதல் 8 ஜூல் வரும். லட்சக்கணக்கில் விலை வைத்து ஜெர்மனியில் செய்கிற ரைபிளின் பவரே இவ்வளவுதான். காகித அட்டையில் ஓட்டை போட அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். டப்பா மேல் "1000 அடி வேகம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ரைபிள் உங்களுக்கானதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடக் கூட ஸ்ப்ரிங் கனமாகும், மடக்குவது கஷ்டமாகும், உதறல் கூடும். நாற்பதாவது ஷாட்டுக்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

2016 ஆயுத விதிகளின்படி, ஏர் ரைபிளின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போனாலோ, குழாயின் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ லைசென்ஸ் தேவை. இரண்டும் அதற்குள் இருந்தால் தேவையில்லை. நமக்கு வேண்டியது 8 ஜூல், 4.5 மி.மீ. ஆக, கோட்டுக்கு ரொம்ப உள்ளேதான் நிற்கிறோம். கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். கொடுத்து, மாடல் பெயரும் சீரியல் நம்பரும் எழுதிய பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகல் ரைபிள் பையிலேயே இருக்கட்டும். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால், வாயால் விளக்குவதைவிட அந்தக் காகிதம் பேசும்.

இந்த இடத்தில் எங்கள் ஏரியாவுக்கென்று ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. கப்பல் பாகத்தையே கடைந்து கொடுக்கிற கைகள். "ஸ்ப்ரிங்கை மாத்தி, பிஸ்டனைக் கொஞ்சம் கனமாக்கிட்டா பவர் ஏறிடும் தம்பி" என்று யாராவது சொல்வார், செய்தும் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த மாற்றத்தில் ரைபிள் 20 ஜூலைத் தாண்டினால், உங்கள் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். பில் காப்பாற்றாது. அதே மாதிரி, எண்ணூர் கழிமுகம், பழவேற்காடு பக்கம் கொக்கு, நீர்க்காகம் சுடலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். பறவைகளுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஏர் கன் என்றாலே போலீஸ்காரர் முகம் சுளிப்பதற்கு இந்த மாதிரி வேட்டையும் ஒரு காரணம்.

மூன்று வகை

காற்றை எப்படி அழுத்துகிறது என்பதை வைத்து ஏர் ரைபிள் மூன்று வகை.

ஒன்று, ஸ்ப்ரிங். திருவிழாவிலும் பீச்சிலும் பலூன் சுடுகிறோமே, அதே வகை. குழாயை மடக்கினால் ஸ்ப்ரிங் இறுகும். விசையை அழுத்தினால் பிஸ்டன் பாய்ந்து காற்றைத் தள்ளும். வேறு எந்தச் சாமானும் வேண்டாம் என்பது இதன் பெரிய லாபம். பெல்லட் குழாயை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் பாய்ந்து ரைபிளை உலுக்கிவிடுவது இதன் குறை. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு ஷாட்டும் ஒவ்வொரு பக்கம் போகும். தளர்வாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிக்கப் பழக வேண்டும். பெல்லட் போடாமல் சும்மா விசையை அழுத்திப் பழகுவதும் இதில் கூடாது. பிஸ்டன் நேராகப் போய் மோதி சீல் கிழியும்.

இரண்டு, ஒரே இழுப்பில் காற்றடைக்கும் வகை. பக்கவாட்டு நெம்புகோலை ஒரு தடவை இழுத்தால் அந்த ஒரு ஷாட்டுக்கான காற்று சேரும். உதறல் கிட்டத்தட்ட இல்லை. ஒரு தலைமுறைக்கு முன் போட்டிகளில் ஓடிய பழைய ரைபிள்கள் பல இந்த வகை. நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மூன்று, பிசிபி. சிலிண்டரில் 200 பார் அளவுக்கு முன்கூட்டியே காற்றை நிரப்பி வைப்பது. இன்றைய போட்டி ரைபிள் எல்லாம் இதுதான். உதறல் இல்லை, ஷாட்டுக்கு ஷாட் வேகம் மாறுவதில்லை. ஆனால் காற்று நிரப்ப கைப்பம்போ, ஸ்கூபா சிலிண்டரோ, கம்ப்ரஸரோ வேண்டும். ரைபிள் விலையைக் கேட்கும்போதே இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிசிபி வாங்குகிறவர் இதை மறக்கவே கூடாது: வெல்டிங் பட்டறை ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து காற்று பிடிக்காதீர்கள். "அதுவும் பிரஷர்தானே, கனெக்டர் போட்டா முடிஞ்சுது" என்று தோன்றும். ரைபிளுக்குள் இருக்கும் துளி எண்ணெயோடு அழுத்தமான ஆக்ஸிஜன் சேர்ந்தால் தீப்பொறியே வேண்டாம், வெடிக்கும். ரைபிளின் காற்றுச் சிலிண்டருக்கு ஆயுளும் உண்டு. போட்டி ரைபிள்களில் பொதுவாக 10 ஆண்டு. தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். 2023-ல் டெல்லி கர்ணி சிங் ரேஞ்சில் காற்று நிரப்பும்போது சிலிண்டர் வெடித்து ஒரு இளம் வீரர் கட்டைவிரலை இழந்தார். செகண்ட் ஹேண்ட் பிசிபி மலிவாக வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பெயின்டை இல்லை, அந்தத் தேதியை.

காசை எதில் போடுவது?

சைட்டில் போடுங்கள். ஸ்ப்ரிங் ரைபிளில் வரும் சாதாரண ஓபன் சைட்டில் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி சுமார் 45 செ.மீ. அங்கே பத்தில் ஒரு மி.மீ. பிசகினால் 10 மீட்டரில் 2.2 மி.மீ. விலகும், கிட்டத்தட்ட ஒரு வளையம். ஓட்டை வழியாகப் பார்க்கும் பீப் சைட்டை ரைபிளின் பின்கோடியில் மாட்டுவதால் அந்த இடைவெளி 75 செ.மீ. அளவுக்குப் போகும். அதே பிசகுக்கு விலகல் 1.3 மி.மீ.தான். பவரை இரண்டு மடங்காக்கினாலும் இந்த லாபம் வராது. அதனால் எதை வாங்கினாலும், பின்னால் பீப் சைட் மாட்டுவதற்கான தண்டவாளம் போன்ற பள்ளம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உடம்புக்குப் பொருத்தம். போட்டி விதிப்படி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். மெலிந்த பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு எடை சுமை. கட்டை தோளில் உட்கார்ந்து, கன்னம் வைத்த உடனே கண் தானாகச் சைட்டுக்கு நேராக வர வேண்டும். கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் அந்த ரைபிள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பிறகு பெல்லட். ஒரு நாளைக்கு 60, மாதத்தில் 20 நாள் என்றால் 1,200 பெல்லட். 500 எண்ணம் உள்ள டப்பா இரண்டரை. உங்கள் ஊர் விலையை விசாரித்து, பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். ரைபிள் ஒரு தடவைச் செலவு. பெல்லட் மாதாமாதம் வரும் பால் கணக்கு. ரைபிளுக்கே மொத்தக் காசையும் கொட்டிவிட்டு பெல்லட்டுக்குத் திண்டாடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

விலை என்று பார்த்தால், மகாராஷ்டிரத்தில் இயங்கும் பிரிசிஹோல் போன்ற இந்தியத் தயாரிப்பாளர்களின் ஸ்ப்ரிங் ரைபிள்கள் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கும். இந்திய பிசிபி அதைப்போல சில மடங்கு. வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் போட்டி ரைபிள் புதிதாக என்றால் லட்சங்கள். சீட்டு எடுத்தோ, நகையை வைத்தோ முதல் ரைபிளாக இதை வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆறு மாதம் கழித்தும் பிள்ளை ரேஞ்சுக்குப் போவானா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதனால் என் யோசனை: முதல் ரைபிள் உங்களுடையதாக இருக்கவே வேண்டாம். எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸ் வளாகத்தில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் மாறி அடுத்த ஸ்டேஷன். அதுவோ, வேறு பயிற்சி மையமோ, அங்கே இருக்கும் ரைபிளில் மூன்று மாதம் சுடுங்கள். எந்த எடை ஒத்துவருகிறது, எந்த உயரம் சரி என்று உடம்பே சொல்லிவிடும். பழைய ரைபிளை யார் விற்கிறார், யார் ஒழுங்காக வைத்திருந்தார் என்ற சேதியும் அங்கேதான் கிடைக்கும். சொந்த ரைபிள் வந்த பிறகு மெட்ரோவில் கொண்டுபோவதற்கு முன் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். பை ஸ்கேனரில் போகும்.

வாங்கும் நாளில் ஒரு சோதனை. மேஜையில் மணல் மூட்டை வைத்து, அதன் மேல் ரைபிளைச் சாய்த்து, 10 மீட்டரில் பத்து ஷாட். எல்லா ஓட்டையும் ஒற்றை ரூபாய் நாணயத்துக்குள், அதாவது சுமார் 22 மி.மீ.க்குள், மறைந்தால் ஸ்ப்ரிங் ரைபிளுக்கு அது போதும். போட்டி ரைபிள் என்றால் பத்தும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையாக இருக்க வேண்டும். சுட்டுப் பார்க்க விடாத ஆளிடம் செகண்ட் ஹேண்ட் வாங்காதீர்கள்.

வீட்டில் சுடுவதும் துருவும்

10 மீட்டர் என்பது 33 அடி. ராயபுரத்துப் பழைய வீடுகளில் வாசலிலிருந்து பின்கட்டு வரை நேராக அவ்வளவு நீளம் கிடைக்கும். ஆனால் நடுவில் எந்த அறைக் கதவும் திறக்கக் கூடாது. அட்டைக்குப் பின்னால் கெட்டிச் சுவரும், சரிவாக இரும்புத் தகடு வைத்த பெட்டியும் வேண்டும். அட்டையின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். தவறிய பெல்லட் நூறு மீட்டருக்கு மேலும் பறக்கும். எங்கள் தெருக்களில் நூறு மீட்டருக்குள் எத்தனை மாடி, எத்தனை துணிக்கொடி, எத்தனை குழந்தைகள்! சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீயைத் தொடாதீர்கள். பெல்லட் ஈயம்.

கடலோரத்தில் ரைபிளுக்குப் பெரிய எதிரி உப்புக்காற்று. காசிமேட்டில் சைக்கிள் செயினுக்கு என்ன ஆகிறதோ அதுதான் குழாய்க்கும் ஆகும். ஒவ்வொரு முறையும் எண்ணெய் தோய்ந்த துணியால் வெளிப்பக்கம் துடைத்து வையுங்கள். ஸ்பாஞ்சு வைத்த பையிலேயே பூட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். வீட்டில் துணியில் சுற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டிய அலமாரியில் வையுங்கள். காற்று அழுந்தும் அறைக்குள் மட்டும் தேங்காயெண்ணெயோ மெஷின் ஆயிலோ விடாதீர்கள். சூட்டில் அது பற்றி, சீலைக் கெடுக்கும்.

கடைக்காரரிடம் இனி கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான். எத்தனை ஜூல்? பீப் சைட் மாட்டலாமா? சுட்டுப் பார்க்கலாமா? பில் உண்டா? நான்குக்கும் நேரான பதில் வந்தால், விலை ஒத்துவந்தால், எடுத்துக்கொள்ளுங்கள்.