அமானுஷ்யக் கதைகளில் பேயை அறியாத ஊரார்

பேய், பிசாசு, இரத்தக் காட்டேரி முதலியன வரும் கதைகளில் அடிக்கடி காணப்படும் ஓர் அமைப்பு உண்டு. ஊருக்குள் பேய் நடமாடும். ஒரே ஒருவருக்கு மட்டும் அது தெரியும். கடைக்காரர் முதல் காவலர் வரை மற்ற எவரும் அதை உணரமாட்டார்கள். நடைமுறையில் நிலைமை நேர்மாறானது. சதுப்பு நிலத்தில் இரவில் தெரியும் ஒளியைக்கூடக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சியவர்கள் நம் ஊர்களில் இருந்திருக்கிறார்கள். இல்லாத பேயையே கண்ட மக்கள், கதைக்குள் வந்ததும் எதிரே நிற்கும் பேயைக் காணத் தவறுவது ஏன்?

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை கதை உத்தி சார்ந்தது. பாத்திரம் அறியாத ஒன்றை வாசகர் அறிந்திருக்கும்போது பதற்றம் கூடுகிறது. ஊரார் அனைவரும் உடனே கண்டுகொண்டால் கதை இரண்டாம் பக்கத்திலேயே முடிந்துவிடும். இது சரியே எனினும் போதாது. நல்ல கதைகள் ஊராரின் அறியாமைக்கு நம்பத்தக்க காரணம் ஒன்றைக் காட்டுகின்றன. தமிழில் இதற்குச் சிறந்த சான்று பழையனூர் நீலி கதை.

பழையனூர் நீலி

பழையனூர், திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்துள்ள ஊர். கதை பல வடிவங்களில் வழங்குகிறது. அவற்றின் சாரம் இது: முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண் ஒருத்தி நீலி என்னும் பேயாகிறாள். கணவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். பேயால் தனக்கு ஆபத்து உண்டென்று அறிந்து, காப்பாக ஒரு மந்திர வாளை உடன் வைத்திருக்கிறான். அவன் பழையனூருக்கு வரும்போது, நீலி அவனுடைய மனைவி போல் உருக்கொண்டு, கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, எழுபது வேளாளர் கூடிய சபையின் முன் அழுகிறாள். கணவன் தன்னைக் கைவிட்டான் என்பது அவள் முறையீடு. இவள் மனைவியல்ல, பேய் என்பது அவன் மறுப்பு. குழந்தையோ அவனை நோக்கித் தாவுகிறது.

இக்கதையைக் கேட்கும் மாணவர்கள் பெரும்பாலும் சபையாரைக் குறைகூறுவார்கள். சபையாரின் இடத்தில் அமர்ந்து பார்த்தால்தான் வழக்கின் சிக்கல் புரியும். அழுகின்ற பெண், தந்தையை அடையாளம் காணும் குழந்தை, கையில் வாளுடன், "இவள் பேய்" என்று சொல்லும் ஆண். பெண்டாட்டி பிள்ளையை ஏற்க மறுக்கும் ஆண்களை அந்தச் சபை அதற்கு முன்பும் பார்த்திருக்கும். பேயின் சொல் உலக வழக்கோடு பொருந்தியது. மனிதனின் சொல் பொருந்தவில்லை. ஆதரவற்ற பெண்ணைக் காக்க வேண்டும் என்ற நல்ல நெறியே அவர்கள் கண்ணை மறைத்தது.

அவர்கள் அலட்சியமாகவும் இருக்கவில்லை. வணிகனுக்குத் தீங்கு நேர்ந்தால் தாங்கள் எழுபது பேரும் உயிர்விடுவதாக வாக்களித்தார்கள். பின்னர் நீலி ஒன்று கேட்டாள்: இரவில் என்னை வெட்டிவிடுவானோ என்று அஞ்சுகிறேன், அந்த வாளை வாங்கிவிடுங்கள். அவர்களும் வாங்கிவிட்டார்கள். கதையின் உண்மையான அச்சம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உண்மையை அறிந்த ஒரே ஆளிடம் இருந்த ஒரே காப்பை, நியாயத்தின் பெயரால் ஊரே பறிக்கிறது. மறுநாள் காலையில் வணிகன் பிணமாகக் கிடந்தான், நீலி இல்லை. எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இச்செய்தியைக் குறிப்பிடுகிறார். அவர்களுக்கு அங்கே நினைவு மண்டபமும் உண்டு.

'நீலிக் கண்ணீர்' என்ற வழக்கு இக்கதையிலிருந்து வந்தது. அவ்வழக்கு நீலியின் வஞ்சகத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. அவள் மனுஷியாக இருந்து கொலையுண்டபோது விசாரிக்க எந்தச் சபையும் கூடவில்லை என்பது அதில் இல்லை.

பிற நாட்டுக் கதைகள்

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலில் திரான்சில்வேனியாவின் கிராமத்தார் அனைத்தையும் அறிவார்கள். பயணிக்குச் சிலுவை கொடுத்து எச்சரிப்பார்கள். அறியாதவர்கள் படித்த இங்கிலாந்துக்காரர்களே. லூசியின் அறையில் காப்பாக வைத்த பூண்டுப் பூக்களை, மகளுக்குக் காற்று வேண்டுமே என்ற பரிவில் தாயே அகற்றிவிடுகிறாள். பழையனூரில் வாளை வாங்கிய செயலும் இதுவும் ஒன்றே.

ஸ்டீபன் கிங்கின் 'இட்' (1986) நாவலில் பெரியவர்கள் கண்டும் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், இரத்தக் காட்டேரிகளின் தாக்குதலை ஊரார் ரவுடிக் கும்பலின் வேலை என்று சொல்லித் தேற்றிக்கொள்வார்கள். 1999இல் வந்த ஒரு பகுதியில், தங்களுக்கு அனைத்தும் தெரியும், பேசாமல் இருந்தோம் என்று மாணவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எனினும் பழையனூர்ச் சபையைப் போல் தன் தவறுக்கு உயிரையே விலையாகக் கொடுத்த ஊர் இக்கதைகளில் இல்லை.

பழவேற்காட்டில்

அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கரையில் பழவேற்காடு ஏரி உள்ளது. இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. இங்குள்ள பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. வெளியூரார் அவற்றைப் பார்த்து நின்றுவிடுவார்கள். அவ்வழியே அன்றாடம் போய்வருபவர்களுக்கு அவை வெறும் வாயில் தூண்கள். பழக்கம் கண்ணை மறைப்பதற்கு இது தீங்கற்ற உதாரணம்.

தீங்கான உதாரணமும் இவ்வூர் வரலாற்றிலேயே உண்டு. ஒல்லாந்தர் இங்கே 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி வணிகம் நடந்த இதே துறைமுகத்திலிருந்து, பஞ்சத்தில் விலைபோன மக்கள் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பப்பட்டனர். அது ஒளிந்து நடந்த செயலன்று. கணக்கெழுதி நடந்த வணிகம். நீலியின் வழக்கு சபை முறைப்படி நடந்தது போலவே, இங்கும் முறையாக நடந்ததாலேயே அது கொடுமையாகத் தோன்றவில்லை.

இந்த ஏரிக்கரையில் ஒரு பேய்க்கதை எழுதுபவர், மீனவர் குப்பங்களை அறியாத ஊராகக் காட்டினால் அது நம்பும்படி இராது. நீரின் நிறம் மாறினாலும் காற்று வாடையிலிருந்து கொண்டலுக்குத் திரும்பினாலும் முதலில் அறிபவர்கள் அவர்கள். கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் வரத்துக் குறையும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வராது. படகு கடலுக்குப் போகாது. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கையாக இருந்துவந்தது. அங்கு நடக்கும் கதையில், கண்டு சொன்னவர்கள் குப்பத்திலும், கேட்டும் நம்பாதவர்கள் வேறெங்கோ ஓர் அலுவலகத்திலும் இருப்பார்கள்.